இரண்டாம் அறையின் கணக்கு

குளிர்ப்பெட்டிக் கதவில், காந்தத்தின் அடியில், ஒரு துண்டுத்தாள்:
இரண்டாம் அறை, மின்சாரம் அதிகம்,
கூடுதல் நாற்பத்தைந்து வெள்ளி.
திருமதி சியூவின் கையெழுத்து எந்தப் பக்கமும் சாய்வதில்லை.

துவாஸில் பகலெல்லாம்
பிறர் இயந்திரங்களுக்கு நாடி பார்ப்பவள் நான்.
அன்றிரவு கிளாம்ப் மீட்டரைப் பையில் போட்டு
புக்கிட் பாத்தோக் வரை ரயிலில் கொண்டுவந்தேன்.
களவில்லை. ஃபோர்மனிடம் சொல்லிவிட்டுத்தான்.

கெட்டிலில் தொடங்கினேன்.
கேபிளை முழுதாகக் கவ்வினால் சுழியம்தான் காட்டும்.
போகும் ஓட்டத்தைத் திரும்பும் ஓட்டம் தின்றுவிடும்,
கூடத்தில் நானும் அவரும் எதிர்ப்படுவதைப் போல:
சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், சுழியம்.
ஒற்றைக் கம்பியைப் பிரித்தெடுத்துக் கவ்வ வேண்டும்.

எட்டு ஆம்பியர்.
பிளக்கில் இருநூற்று முப்பத்திரண்டு வோல்ட்.
வகுத்தேன், இருபத்தொன்பது ஓம்.
பெருக்கினேன், ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு வாட்.
அதே இரண்டு எண்கள்தாம்.
வகுத்தால் ஒரு பொருள் எவ்வளவு மறுக்கிறது என்று தெரியும்,
பெருக்கினால் எவ்வளவு எரிகிறது என்று.

நாளுக்கு நான்கு நிமிடம் கொதிக்கிறது என் தேநீர்.
யூனிட் முப்பது காசு என்று வைத்தால்
மாதம் ஒரு வெள்ளி பத்துக் காசு.
விசிறி, புள்ளி இரண்டு ஆம்பியர்.
மோட்டாரிடம் இந்தப் பெருக்கல் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்,
சொல்லட்டும், நான்கு வெள்ளி சொச்சம்.
விளக்கு, கைப்பேசி, சில்லறை.
மொத்தம் ஆறு வெள்ளி.
ஆறின் கீழே இரண்டு கோடு போட்டேன்,
தாள் கிழிந்தது.

வேலையிடத்தில் நிரோஜன் சிரித்தான்.
"தடைக்கு அலகு ஓம் எண்டு வச்சிருக்கிறாங்கள்.
எங்கட ஊரில ஓம் எண்டா சம்மதம்."
போன மாதம் பதினைந்து கேட்டார், தந்தேன்.
அதற்கு முன் பத்து.

ஞாயிறு காலை அவர் சந்தைக்குப் போனதும்
வாசலுக்கு மேலிருந்த மின்பெட்டியைத் திறந்தேன்.
உரிமம் இருக்கிறது. அனுமதி கேட்கவில்லை.
என் சுவிட்சுகள் அத்தனையும் அணைத்து,
குளிர்ப்பெட்டி மூச்சு நிறுத்தும்வரை ஏணியில் நின்று
கவ்வினேன்.
ஒன்றரை ஆம்பியர்.
ஐந்து நிமிடம் கழித்தும் ஒன்றரை.

முதல் அறையின் கிளை அது.
புஸ்... டக். புஸ்... டக்.
எட்டு மாதமாக என் தூக்கத்துக்குள் ஓடிய சத்தம்,
ஏர்கான் என்று நினைத்திருந்தேன்.
கதவு ஒரு சாண் திறந்திருந்தது.
கட்டிலில் திரு சியூ.
மூக்கிலிருந்து ஒரு குழாய்,
குழாயின் மறுமுனையில் இடுப்புயரப் பெட்டி.
ஏணியையும் மீட்டரையும் பார்த்து,
பழுதுபார்க்க வந்தவளென்று எண்ணிக் கை உயர்த்தினார்.
"கரண்ட் போகுமா?"
ஆங்கிலத்தில் மூன்று சொல், நடுவே இரண்டு மூச்சு.
போகாது என்றேன்.

முன்னூற்று நாற்பத்தெட்டு வாட்,
இருபத்துநான்கு மணி நேரம், முப்பது நாள்,
எழுபத்தைந்து வெள்ளி.
மோட்டாரை இப்படி வகுத்தால் வரும் ஓமுக்குப் பொருளில்லை,
இருந்தும் வகுத்தேன்.
நூற்று ஐம்பத்தைந்து, ஏறத்தாழ.
எதற்கென்று தெரியவில்லை.

ஆறு வெள்ளிக் கணக்கை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
காந்தத்தின் கீழ் இரண்டு பத்து வெள்ளித் தாள்கள்.
ஏன் இருபது?
எந்தச் சூத்திரமும் அதைத் தரவில்லை.
அவர் எடுத்துக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை.
மின்பெட்டி மூடியில் ஒரு திருகை நான் மாற்றிப் போட்டிருந்தேன்,
அதையும் கேட்கவில்லை.

அடுத்த மாதத் துண்டில்:
இரண்டாம் அறை, இருபது.
'அதிகம்' இல்லை.

அதன் கீழே பேனாவால் எழுதினேன்:
ஓம்.
அவருக்குத் தமிழ் தெரியாது,
கையொப்பம் என்று நினைத்திருப்பார்.