பழுப்பு ஒயர்

பந்துருட்டுக் கூடத்தை இழுத்து மூடியபோது
இருநூறு டாலருக்கு அந்தப் பெட்டியை நான் வாங்கினேன்.
படியிறக்கி நிலவறையில் வைக்க
இன்னொரு முதுகு தேவைப்பட்டது.
வந்தவர் எம்மெட் சவிக்கி,
என் முன்னாள் மனைவியின் இந்நாள் கணவர்.
எனக்கு அவர் என்ன முறை?
டுலூத்தில் அதற்கொரு சொல் கிடையாது.
"ம்" என்பேன். அவரும் "ம்" என்பார்.

ஜனவரி. ஏரி கல்லாகிக் கிடந்தது.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
எங்கள் இருவருக்கும் சேர்த்து
வீட்டு உலைதான் பேசிக்கொண்டிருந்தது.

பேனலைக் கழற்றிக் கவிழ்த்தோம்.
முப்பது வருடத்துப் பொரிகடலை உப்பு,
ஒரு கால் டாலர்,
பல் பதிந்த சூயிங்கம்.
முதல் ஆட்டக்காரர் பக்கம்
மரம் தெரியத் தேய்ந்திருந்தது.
இரண்டாம் பக்கம் பெயிண்ட் கலையவில்லை.
தனியாக வந்தவர்களே அதிகம் போல.

மாரிட்டுக்குப் பதினொரு வயது.
ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே.
அவளுக்குச் சந்துபொந்து ஆட்டமும் வேண்டும்,
சண்டை ஆட்டமும் வேண்டும்.
முன்னதற்கு நான்கே திசை,
மூலைக்குச் சாய்ந்தால் முட்டுச்சந்தில் சாவு.
பின்னதற்கு எட்டு,
மூலை இல்லாமல் உதையே விழாது.
அதற்குத்தான் சர்வோ.
ஜாய்ஸ்டிக்கின் காலடியில் சதுரத் துளையோடு ஒரு தகடு.
நாற்பத்தைந்து டிகிரி திருப்பினால்
சதுரம் சாய்சதுரமாகும்,
மூலைகள் கதவடைத்துக்கொள்ளும்.
ஆட்டத்தைத் தேர்ந்தால் போதும்,
தானே திரும்பிக்கொள்ள வேண்டும்.

புது அடித்தட்டுக்குப் பழைய துளை ஒத்துவரவில்லை.
பென்சிலைப் பல்லில் கவ்வி
அவர் மூன்று முறை அளந்தார்.
நான் ஒரு முறை அளந்து
இரண்டு முறை தப்பாகத் துளைத்தேன்.
அவர் சொல்லிக்காட்டவில்லை,
அதுதான் இன்னும் எரிந்தது.
மரத்தூளில் பசை குழைத்து
என் தப்பை அடைத்துத் தேய்த்தார்.

மின்சாரம் கொடுத்தோம்.
இரண்டு சர்வோவும்
குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் உதறின,
யாரும் ஒன்றும் கேட்காமலே.
"நீங்கள் வாங்கிய மலிவுச் சரக்கு" என்றேன்.
"நீ எழுதிய நிரல்" என்றார்.
ஆறு வருடத்தில் எங்கள் நீண்ட உரையாடல் அதுதான்.
அது சர்வோவிலிருந்து நழுவி
பள்ளி இசைவிழாவுக்குப் போனது,
யார் வரவில்லை,
யார் வந்து கடைசி வரிசையில் ஒளிந்து நின்றது,
காரின் குளிர்காலச் சக்கரங்களுக்கு யார் காசு கொடுத்தது.

சால்டரிங் கம்பி மேசை விளிம்பைப் பொசுக்கியது.
எடுக்கக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது:
சர்வோக்களுக்கு ஒரு மின்பெட்டி,
கட்டளை தரும் பலகைக்கு வேறொன்று.
பழுப்பு ஒயர்கள்
தங்கள் தங்கள் வீட்டோடு நின்றுவிட்டன.
'ஐந்து வோல்ட்' என்று பலகை சொன்னால்
எதிலிருந்து ஐந்து என்று
சர்வோவுக்கு எப்படித் தெரியும்?
இரண்டுக்கும் பூஜ்யம் ஒன்றாக வேண்டும்.

ஆறு அங்குல ஒயர்.
நான் பிடித்தேன், அவர் பற்றவைத்தார்.
உதறல் நின்றது.
இதற்கு ஒரு உவமை
இருவர் வாயிலும் வந்திருக்கும்.
விழுங்கிவிட்டு
உலையைப் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை மாரிட்டை அவர்தான் கொண்டுவந்து விட்டார்.
அவள் தேர்ந்தாள். உள்ளே டர்ர்க்.
தகடு திரும்பியது.
இரண்டு நிமிடம் ஆடிப்பார்த்தாள்.
"பழசு லொடலொடன்னு இருக்கும்,
அதுதான் நல்லா இருந்தது."
பிறகு சண்டைக்கு மாற்றினாள். டர்ர்க்.
ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே,
எம்மெட் நாற்பது வினாடி தாங்கினார்.
நான் முப்பது.
பசிக்கிறது என்று
ரொட்டி சுட மேலே போய்விட்டாள்.

தொடரலாமா என்று
திரை எண்ணத் தொடங்கியது.
ஒன்பது. எட்டு.
அவர் பக்கம் ஒரு பொத்தான்,
என் பக்கம் ஒன்று.
ஏழு.
"ஒயரெல்லாம் கெட்டியாக இருக்கிறதா என்று
ஒரு தடவை பார்த்துவிடலாமா?" என்றார்,
இன்னொரு கையையும் கோட்டிலிருந்து உருவியபடி.
ஆறு.