நிஜச் சாவி

டொலீடோவில் பனி உருகத் தொடங்கிய வாரம்.
லொரெட்டா ப்ரூஷின்ஸ்கி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
என் மேசைமேல் செய்தித்தாளை விரித்தாள்.
அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக்
கட்டிப்பிடித்தபடி அவள்.
நூறு டாலர் சீட்டு. நான்கு படுக்கையறை.

வரிக்கணக்கு எழுதுவது என் பிழைப்பு.
வீட்டுக்கு ஐந்து லட்சம் என்று யாரோ மதிப்புப் போட்டிருந்தார்.
அதில் நூற்றுக்கு இருபத்துநான்கை
முன்னாலேயே கட்டினால்தான் நிஜச் சாவி.
காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.
"என் நாலு வருடச் சம்பளம்" என்றாள்,
அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல.

மிச்ச வரி ஏப்ரலில்.
பிறகு வருடாவருடம் சொத்து வரி, காப்பீடு,
புல் நாலு அங்குலம் தாண்டினால்
குடியிருப்போர் சங்கத்துக்கு அபராதம்.

கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம்.
இங்கே கூரையையே கொடுத்துவிட்டது.
பிய்க்கிற வேலை எங்களுக்கு.

சோபா, சரவிளக்கு, பியானோ
எல்லாம் வாடகைச் சாமான்.
படம் எடுத்த மறுநாளே
லாரி வந்து ஏற்றிப்போய்விட்டது.
கிண்ணத்திலிருந்த எலுமிச்சம்பழம் ஒன்றை மட்டும்
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.
பிளாஸ்டிக்.
மேசைமேல் உருட்டிவிட்டுக் கேட்டாள்:
"இதுக்கும் உண்டா?"

வீட்டுக்குப் பதில் பணம் என்ற கட்டத்தில் கையெழுத்திட்டாள்.
அந்தத் தொகை சிறியது, அதற்கும் வரி.
போக மிஞ்சுவது
அவளது பழைய வீட்டின் ஒழுகும் கூரைக்கும்
தம்பியின் பல்லுக்கும் ஆகும்.

அவள் போனதும் இழுப்பறையைத் திறந்தேன்.
மூன்று சீட்டுகள், என்னுடையவை,
எல்லாம் தெரிந்தே வாங்கியவை.
எண்களை
இன்னொரு முறை சரிபார்த்தேன்.