கரையொதுங்கிய மூட்டை

காஸ்த்ரோ துறைமுக அலுவலகப் பேரேட்டில்
சாந்தா ரொசால்பாவுக்கு ஒன்றரைப் பக்கம்.
கட்டிய ஆண்டு மை ஊறி அழிந்திருக்கிறது.
மரம் ஏற்றிய படகு, பிறகு ஆள் ஏற்றியது.
ஒருமுறை மேல்தளம் உயர்த்தினார்கள்,
ஒருமுறை எஞ்சின் மாற்றினார்கள்.
உயிர்மிதவைகள் எத்தனை என்ற கட்டத்தில்
ஒரு கோடு மட்டும்.

ஜூன் மாதம், வியாழன், வடக்குக் காற்று.
பயணிகள் நாற்பத்தொருவர்.
மடிக்குழந்தைக்குச் சீட்டு கிடையாது,
அதனால் மடிக்குழந்தைகள் இல்லை.
முதலாளியின் மைத்துனன் சீட்டு எடுப்பதில்லை,
அதனால் அவனும் சாகவில்லை.
ஆடுகள் பதினெட்டு.
இந்தக் கணக்கு சரிதான்,
ஆடுகளுக்குக் காப்பீடு இருந்தது.

மறுகரையில் எலெயுத்தேரியோ,
எறியும் வடத்தைப் பிடித்துக் கட்டுகிறவன்,
விடியும்வரை இரு கையும் நீட்டியபடி நின்றானாம்.
நான் நம்பவில்லை.
அந்த மழையில் யாரும் அப்படி நிற்கமாட்டார்கள்.
ஒரு கையில் விளக்கு,
மறு கையைக் கம்பளிக்குள் சூடேற்றிக்கொண்டு
இன்றைக்கும் தாமதமா என்று
மாலுமியைத் திட்டிக்கொண்டிருந்திருப்பான்.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு கதவு வந்தது, தாழ்ப்பாளோடு.
பிறகு ஒற்றை ரப்பர் பூட்ஸ்.
பிறகு ஓர் உருளைக்கிழங்கு மூட்டை,
தைத்த வாய் பிரியாமல்,
யார் பெயரும் எழுதாமல்.

அந்த வருஷம் பூஞ்சை விழுந்து
தீவில் விதைக்கிழங்கே இல்லை.
ஆனாலும் யாரும் தொடவில்லை.
கடல் ஆளை வைத்துக்கொண்டு அனுப்பியதைத் தின்னலாமா
என்று பாதிரியாரைக் கேட்டார்கள்.
அவர் வானிலையைப் பற்றிப் பேசினார்.
எஞ்சின்காரன் பெண்டாட்டி ஓர்ஃபெலினா மட்டும்
மாடு பூட்டிய சறுக்குப்பலகையில்
மூட்டையை மேட்டுக்கு இழுத்துப்போனாள்.
மழைத்தண்ணீரில் அலசினாள்; பாதி அழுகியது.
மிச்சத்தைச் செப்டம்பரில்
கண்ணுக்கு ஒன்றாக வெட்டி நட்டாள்.

இன்று எல்லோர் கொல்லையிலும் அதுதான்.
கருநீலத் தோல், உள்ளே மஞ்சள்.
ரொசால்பா கிலோ என்ன விலை என்கிறார்கள் சந்தையில்.
ஏதோ ஒரு புண்ணியவதி பெயர் என்று நினைத்திருக்கிறான்
எனக்கு எடைபோட்ட பையன்.

பேரேட்டின் நகலோடு தீவுக்குப் போனேன்,
செத்தவர் எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டு எழுத.
நாற்பத்தேழு என்றார்கள்.
ஐம்பத்திரண்டு என்றார்கள்.
ஒரு வீட்டில் 'என் அக்கா' என்றார்கள், அவ்வளவுதான்.
எலெயுத்தேரியோவின் மருமகள் பதிலே சொல்லவில்லை.
அவித்த கிழங்கொன்றை இரண்டாகப் பிட்டு
ஆவி அடங்குமுன் என் தட்டில் வைத்து
உப்பு போட்டுக்கொள்கிறீர்களா என்றாள்.

வேண்டாம் என்றேன்.