தொண்ணூறு நாள்

பம்பலப்பிட்டி மாடியில்
ஏசி ஒழுகும் வாளியைக் காலால் தள்ளிவிட்டு
பஸ்மில் விரல் மடிக்கிறான்:
முப்பது நாளென்றால் லேசு, மிஸ்.
தொண்ணூறுக்குக் கடிதம் வேணும்.
நூற்றியெண்பது கேட்கவே வேணாம்,
உங்கட பெயருக்கு.

பெயருக்கு என்ன என்று கேட்கவில்லை.
தெரியும்.

அங்க யாரு ஈக்கிற?
ஒருத்தரும் இல்லை.
மகன்? தம்பி?
இல்லை. ஒரு ஏரி இருக்கு.
அது உறைந்து,
பிறகு உடைகிற சத்தம் கேட்க
மூன்று மாதம் வேணும்.

பேனையை மூடினான்.
படிவத்தில் ஏரிக்குப் பெட்டி இல்லை.

மைத்துனர் பத்து லட்சம் போட்டார்.
வங்கிக் கூற்று எடுத்த மறுநாள்
திருப்பி எடுத்தார்.
இடையில் இருபத்தாறு மணி நேரம்
நான் பணக்காரி.
வெள்ளவத்தைச் சந்தையில்
விலை கேட்காமல் பாரை மீன் வாங்கினேன்.

திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம்?
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டார்கள்.
வீட்டு உறுதி, பென்சன் சிட்டை, கரண்ட் பில்.
கொடுக்காமல் விட்டவை:
மார்கழியில் எனக்கு விழவேண்டிய சீட்டு,
என்னோடு மட்டும் லிஃப்டில் ஏறி
மூன்றாம் மாடியில் இறங்கிக்கொள்ளும்
யாருடையதென்று தெரியாத பூனை,
பின்னேரத்தில் தண்டவாளம் தாண்டி
கடலைப் பார்க்காமல்
கடலுக்குப் பக்கத்தில் நடக்கிற பழக்கம்.

பதினேழாம் நாள் கடவுச்சீட்டு வந்தது.
முப்பது.

ஏரி உறைந்திருக்கும்.
உடையும்போது
நான் இங்கே மீன் கழுவிக்கொண்டிருப்பேன்.

போய் இறங்கிற நாளும் கணக்கா, பஸ்மில்?

அதுவும் கணக்குத்தான், மிஸ்.