ஏழாவது கட்டம்: காரணம்

சண்டை ஏதும் இல்லீங்க.
மொதல்ல அதை எழுதிக்கோங்க.
பாரத்துல கட்டம் ஒன்றரை அங்குலம்தான் இருக்குது,
மிச்சத்தை வாயால சொல்றேன்.

ஒரே வீடு, ஒரே மீட்டர்.
இக்கட்டால நாங்க,
அக்கட்டால மச்சாண்டாரு குடும்பம்,
நடுவால ஆசாரம்.
சித்திரையில ரெண்டு பேன் கூடுதலா ஓடினா
ரீடிங்கு ஐநூறைத் தாண்டிரும்.
தாண்டுன அந்த ஒரு யூனிட்டுக்கு
ஒரு வாரத்துப் பால்காசு போயிரும்.
ஒருக்கா ஐநூத்தி ரெண்டு வந்துச்சு.
அன்னைக்கு ராத்திரி எங்கூட்டுக்காரரு
பிரிட்ஜோட பிளக்கைப் புடுங்கிட்டு
மாவைத் தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சாரு.

ரெண்டு மீட்டர் வாங்கிக்கோங்கன்னு சொன்னது
கரண்டு ஆபீஸ்லயே ஒருத்தருதானுங்க,
பேரு வேண்டாம்.
இலவச யூனிட்டும் ரெண்டாகும்.
ஆனா ரெண்டு குடும்பம்னு கண்ணுல தெரியணும்:
தனி வாசல், தனி அடுப்பு, தனி ரேஷன் கார்டு.
நடுவால ஒரு செவுரு.

கட்டினோம்.
கொத்தனாருக்குக் காப்பி கலக்கினது
நானும் துளசிமணியக்காளும் ஒட்டுக்கா.
ஹாலோ பிளாக்கு, நாலு இஞ்சு, பூச்சு இல்லை.
செக்கிங்குக்கு மட்டும்தானேன்னு
அக்கா ஒரு கை மணலள்ளி
என் முதுகுல போட்டாங்க.

அடுப்பும் பொய் அடுப்புத்தான்.
அக்கட்டால ஒரு ஸ்டவ்வு, அதுமேல வெறும் குண்டா.
அதிகாரி வந்து பேனாவுல தட்டிப் பார்த்தாரு.
டிங்.
நாங்க வாயைப் பொத்திட்டு நின்னோம்.
எழுதிக்கிட்டாரு: குடும்பங்கள் இரண்டு.

ஐப்பசி மழை வந்துச்சு பாருங்க.
ஆக்குன சோத்தை அக்கட்டால கொண்டுபோக
வெளிவாசலைச் சுத்தோணும்.
அறுபத்திரெண்டு எட்டு, எண்ணியிருக்கறேன்.
ரசத்துல மழைத்தண்ணி.
அக்கா சொன்னாங்க,
"அம்மிணி, மழை விடற வரைக்கும்
நான் இங்கயே பத்த வெச்சுக்கறேன்."
மழை நாலே நாள்ல விட்டுருச்சு.

மாரியம்மன் நோம்பிக்கு
ஊர்ல தலைக்கட்டு வரி ரெண்டாப் போட்டாங்க.
செவுரு நிக்குது, அப்ப ரெண்டு தலைக்கட்டுத்தானே?
ஒரு பத்திரிகை வந்த வீட்டுக்கு
இப்ப ரெண்டு பத்திரிகை வருது,
மொய்யும் ரெண்டு.
உங்க நகராட்சியில வீட்டு வரி ரெண்டு,
குழாய்க்கு டெபாசிட் ரெண்டு,
குப்பைக்கும் ரெண்டு.
கரண்டுல மிச்சமானதைக் கழிச்சுக் கணக்குப் போட்டா
வருசத்துக்கு நானூத்திச் சொச்சம்
கையை விட்டுத்தான் போகுதுங்க.
சரி, காசு கெடக்குது.

அக்கா பையன் மேகவர்ஷன்
பள்ளிக்கூடத்துப் பாரத்துல எழுதியிருக்கறான்,
சித்தி: பக்கத்து வீடு.

அதனாலதான் இடிக்கலாம்னு வந்தேன்.
நீங்க சொல்றீங்க,
இடிச்சா ஒரே கட்டடம்,
ஒரே கட்டடம்னா ஒரு மீட்டரைச் சரண்டர் பண்ணோணும்,
அதுக்கு அக்கட்டால இருக்கறவங்க
ஆட்சேபனை இல்லைன்னு கையெழுத்துப் போடோணும்.
கட்டறப்ப யாரும் யாரையும் கேக்கலீங்களே.

அக்காகிட்ட எப்படிங்க கேக்கறது?
போன மாசம் அவங்க பக்கத்தைப் பூசிட்டாங்க.
பச்சை பெயிண்டு.
டி.வி. மாட்ட டிரில்லு போட்டதுல
என் பக்கம் ஒரு ஓட்டை விழுந்துருச்சு,
கடுகத்தனை.
சிமெண்டு குழைச்சு எடுத்துட்டுத்தான் போனேன்.
ராத்திரி அவங்க லைட்டைப் போட்டதும்
என் அரிசி டின்னு மேல ஒரு பொட்டு வெளிச்சம்.
சிமெண்டு கிண்ணத்துலயே இறுகிப் போச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்கோணும், சார்.
அக்கட்டாலத்து மீட்டர்ல ஓடற வெளிச்சம்
இக்கட்டால விழுந்தா
அதுக்கு ஏதாச்சும் அபராதம் உண்டுங்களா?