பத்தொன்பது மில்லிமீட்டர்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி, ராத்திரி டூட்டி.
இங்க்குபேட்டர் அடைகாத்துக்கொண்டிருக்கிறது,
பொரிக்கக் கூடாத முட்டைகளை.

நாற்பத்திரண்டாம் தட்டில்
சீவலப்பேரி சொரிமுத்துவின் கால் புண்.
வாழைக்கு மண் அணைக்கையில் மண்வெட்டி இறங்கிய இடம்.
பதினெட்டு நாளாய் மூடவில்லை.
ஆறு மருந்து வில்லை வைத்தேன்.
ஆறையும் ஒட்டி, ஆறிய கஞ்சியில் ஆடை படிந்தாற்போல்
கிருமி பரவிக் கிடக்கிறது.
எதிர்க்கிறது எதிர்க்கிறது எதிர்க்கிறது என்று
கட்டம் கட்டமாய் எழுதிக் கை கடுத்தது.

யாரிடமும் சொல்லாமல்
நேற்று ஏழாவதாய் ஒன்று வைத்திருந்தேன்.
மேலப்பாளையம் பஜாரில் பல்வலிக்கு விற்பார்களே
கிராம்புத் தைலம், அதில் ஒரு சொட்டு.
எட்டாவதாய் வெறும் நல்லெண்ணெய், ஒப்புக்கு.

எட்டாவதைச் சுற்றி ஒன்றுமில்லை.
ஏழாவதைச் சுற்றி
ஆகாயத்தாமரை மண்டிய நயினார்குளத்தில்
யாரோ கல்லெறிந்து திறந்துவிட்ட தண்ணீர்.
ஸ்கேலை வைத்தேன். பத்தொன்பது மில்லிமீட்டர்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு வைத்தேன்.
பத்தொன்பதுதான்.

சிரித்துவிட்டேன். உடனே வெட்கமாயிருந்தது.
தட்டுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது.
தட்டு, ஈரக் காலோடு மடை திறக்கப் போகாது.
கிருமியைச் சுடுகிற தைலம்
பச்சைச் சதையையும் சுடும்.
ரிப்போர்ட் தாளிலோ
கிராம்புக்கென்று கட்டமே இல்லை.

விடியலில் ஜன்னலுக்கு வந்தாள் பேச்சிக்கனி,
தூக்குவாளியும் வீங்கிய கண்ணுமாய்.
"ஜொகராக்கா, எதுக்காவது கேக்குதா?"

மருந்துக்கு நோய் கேட்கும் என்பார்கள்.
இது காது கேட்காத சாதி, எப்படிச் சொல்ல?
"இன்னும் ரெண்டு ஊசி பாக்கி இருக்கு தாயி,
பெரிய டாக்டர் எழுதுவாக."

போனவள் திரும்பி வந்தாள்.
"என்னக்கா, இதுக்குள்ள
கல்யாண வீட்டு வாசம் அடிக்கு?"

பதில் சொல்லவில்லை.
தட்டை ஆட்டோகிளேவில் வைத்து மூடினேன். விதி அது.
கொஞ்ச நேரத்தில் கிருமியும் வளையமும் ஒரே கூழ்.
சொரிமுத்துவுக்கு அந்த ரெண்டையும் சோதிக்க
புதுத் தட்டு ஊற்றி, பேர் எழுதி வைத்துவிட்டு
பஸ் ஏறினேன்.

மத்தியானம் வீட்டில் குஸ்கா.
எப்போதும் தட்டோரம் ஒதுக்குகிற கிராம்பை
இன்றைக்குக் கடித்துப் பார்த்தேன்.
நாக்கில், ஏறக்குறைய
பத்தொன்பது மில்லிமீட்டர் மரத்துப்போனது.