சங்கிலி எண்ணெய்

தம்பிலுவில் சந்தியில் காற்றடித்துக்கொண்டேன்,
முன்சில்லுக்குக் கொஞ்சம், பின்சில்லுக்கு நிறைய.
கைப்பிடியில் தொங்கும் பொலித்தீன் பைக்குள்
பிரதேச சபைப் படிவம்:
'கரையோரக் காட்சிப் பாதை, சைக்கிளோட்டிகளுக்கு.
வழியிலுள்ள இயற்கை அம்சங்கள்.
வரலாற்றுச் சிறப்புடைய காற்றாலைகள் (இருப்பின்).'

இருப்பின்.
அந்த அடைப்புக்குறிக்காகத்தான்
ஆனி மாத வெயிலில்
பதினொரு கிலோமீற்றர்.

இடப்பக்கம் கடல், வலப்பக்கம் களப்பு,
நடுவில் தாரும் மணலும் பாதிப்பாதியாய்ப் பிசைந்த தெரு.
கச்சான் வட்டையெல்லாம் காய்ச்சிவிட்டு வந்து
விலாவில் முட்டுகிறது.
களப்பின் பக்கம் சரிந்தபடியே மிதிக்கிறேன்,
யாரோ காதில் சொல்வதைக் கேட்கக் குனிந்தவள்போல.

இயற்கை அம்சம்: அடம்பன்கொடி. எழுதினேன்.
இராவணன் மீசை. எழுதும்போதே
மணல்மேட்டிலிருந்து பிய்ந்து
முள்ளுருண்டையாய்க் கடலைப் பார்த்து ஓடியது.
அது அம்சமா, போக்குவரத்தா?
தில்லை மரங்கள்.
பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பதை
எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது?
களப்பில் ஒற்றைக்கால் நாரைகள்,
எண்ணி முடிப்பதற்குள் ஒன்று காலை மாற்றியதில்
கணக்குத் தப்பியது.

முதற் காற்றாலைக்குக் கால்கள் மட்டும்.
நான்கு இரும்புக்கால்களுக்கிடையே
வலை காயப் போட்டிருந்தார்கள்.
இரண்டாவதுக்குத் தலை இருந்தது,
கடலிலிருந்து முகம் திருப்பி
களப்புப் பக்கமாய் மடிந்து.
'சேதத்தின் காரணம்' என்ற கோட்டில்
பேனையை வைத்தேன், எடுத்தேன்.
இந்தக் கரையில் அதை யாரும்
எழுதிக் கேட்பதில்லை.

மூன்றாவதை முதலில் காதுதான் கண்டது.
கீச்ச்ச் என்று ஒரு சுற்று.
மௌனம்.
மறுபடி கீச்ச்ச்.
பதினெட்டுத் தகட்டிதழ், துருவின் நிறத்தில் வால்,
அடியில் சீமெந்துத் தொட்டி,
தொட்டியைச் சுற்றி வெங்காயமும் பச்சை மிளகாயும்,
நடுவில் மண்வெட்டியோடு சிவரூபி.
என்னைவிட இரண்டு வயது கூடவோ குறையவோ.

"வரலாற்றுச் சிறப்புடைய..." என்று தொடங்கினேன்.
"ஆரு?"
"இந்தக் காற்றாலை."
என்னையும் பார்த்தாள், அதையும் பார்த்தாள்.
"இது விடிய நாலு மணியிலேருந்து தண்ணி இறைக்குது.
வரலாறெண்டா செத்தாப் பொறகுதானே?"

படிவத்தை வாங்கி முழுக்க வாசித்தாள்.
திருப்பித் தந்துவிட்டு சைக்கிளைப் பார்த்தாள்.
"சங்கிலிக்கு என்ன விடுறீங்க?"
இருக்கைக்குக் கீழே சின்னப் போத்தல்.
"அரைவாசி தாங்க. ரெண்டு கிழமையாக் கத்துது,
புள்ளையளுக்குப் படிக்க ஏலாதாம்."

சட்டைத் தொங்கலை இடுப்பில் செருகி
போத்தலைப் பல்லில் கடித்தபடி ஏறினாள்.
வாலை மடக்கும் கயிற்றை என்னை இழுக்கச் சொன்னாள்.
இழுத்தேன். இதழ்கள் காற்றுக்கு முகம் கொடாமல்
ஒதுங்கி நின்றன, கோபித்த மாடு போல.
மேலே அவள்.
கீழே நான், இரண்டு கையாலும்
கச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.
காலையெல்லாம் என்னைத் தள்ளியதுக்கு
நான்கு நிமிடம்.

"விடுங்க!"
விட்டேன்.
வால் விரிந்தது, தலை கிறுகியது,
இதழ்கள் ஒன்றையொன்று துரத்தி ஒற்றைத் தட்டாயின.
சத்தமில்லை.
சத்தமில்லாததைக் கேட்டுத் திடுக்கிட்டு
வெங்காயப் பாத்திக்குள்ளிருந்து
ஆள்காட்டி ஒன்று எழும்பியது.
குழாய் இருமியது.
பிறகு தண்ணீர்.

'கட்டிய ஆண்டு': தெரியாது.
'தற்போதைய நிலை': இன்று எண்ணெய் விடப்பட்டது.

திரும்பும்போது கடற்காற்று கிளம்பிவிட்டது.
இம்முறை கடல் பக்கம் சரிந்து மிதித்தேன்.
இரண்டு காற்றும் ஒரே தெருவை ஆளுக்கு அரைநாள் வைத்திருக்கின்றன
என்பதற்கும் படிவத்தில் இடமில்லை.

விநாயகபுரத்தில்தான் கவனித்தேன்.
ஒவ்வொரு மிதிக்கும் கீச்ச்.
போத்தலைக் குலுக்கினேன்.
அரைவாசி என்றவள்
முழுவதையும் விட்டிருக்கிறாள்.
தெருவில் படுத்திருந்த மூன்று நாய்கள்
எழுந்து நின்று
வழிவிட்டன.